மூக்குப்பேணிக்கும் ஒரு கணக்கு திறக்கலாம்

யாழ்ப்பாணம் நாவலர் வீதித் தொல்பொருள் நூதனசாலையில் ஒல்லாந்தர் காலத்துப் பீரங்கியைப் பார்த்திருப்பீர்கள். நாவற்குழியில் 2020இல் திறந்த சிவபூமி அரும்பொருட் காட்சியகத்தையும் பலர் பார்த்திருப்பார்கள். இப்படியான இடங்களுக்கு வருகிறவர்கள் பொருளோடு நின்று படம் எடுத்து, தங்கள் முகநூலில் போட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் படத்துக்குக் கீழே யாராவது "இது எங்கட அப்பம்மா வீட்டிலயும் இருந்தது" என்று எழுதியிருப்பார். பொருளை வைத்திருக்கும் நூதனசாலைக்கு அந்தத் தகவல் வந்து சேராது.

பொருளுக்கே ஒரு முகவரி இருந்தால் சேரும். மாஸ்டடான், புளூஸ்கை போன்ற பரவலாக்கப்பட்ட சமூக வலைகளில் ஒரு மூக்குப்பேணிக்கோ (மூக்கு வைத்த குடிக்கும் பாத்திரம்) பீரங்கிக்கோ சொந்தக் கணக்கு திறந்து, அதை ஒழுங்காக நடத்துவது எப்படி என்று இதில் சொல்கிறேன். சிறு நூதனசாலை, பாடசாலைக் காட்சியறை, கோயில் சேகரிப்பு, ஊர் வாசிகசாலை என்று எதையாவது பார்த்துக்கொள்கிறவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். புரோகிராமிங் தெரியத் தேவையில்லை. வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓர் இணையத்தளத்தை அமைக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

ஏன் முகநூலில் செய்யக்கூடாது? செய்யலாம், பக்கம் ஒன்று திறக்கலாம். ஆனால் அந்த முகவரி கடைசிவரை அந்த நிறுவனத்தினுடையதாகவே இருக்கும். பரவலாக்கப்பட்ட வலை மின்னஞ்சலைப் போன்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக முகவரியிலிருந்து ஜிமெயிலுக்குக் கடிதம் போகிறது, இரண்டும் ஒரே கம்பனியாக இருக்கத் தேவையில்லை. அதேபோல் ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையைப் பேசும் எந்தச் சேர்வரும் (கணக்குகளை வைத்திருக்கும் கணினி) மற்றச் சேர்வரோடு கதைக்கும். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2018 ஜனவரியில் அதைப் பரிந்துரைத் தரமாக வெளியிட்டது. மாஸ்டடான், படங்களுக்கான பிக்செல்ஃபெட், வேர்ட்பிரஸோடு சேர்த்து நிறுவும் ஒரு செருகுநிரல் (plugin) எல்லாம் இதைப் பேசுகின்றன. புளூஸ்கை ஏடி புரோட்டோகால் என்ற வேறொன்றைப் பேசுகிறது. இரண்டும் நேரடியாகக் கதைக்காது. பிரிட்ஜி ஃபெட் என்ற பாலம் நடுவில் இருக்கிறது.

பதிவேட்டில் தொடங்குங்கள்

கணக்கு திறக்கும் அவசரத்தில் பலர் இதைத் தாண்டிப் போவார்கள். தாண்ட வேண்டாம். ஒரு பொருளின் அடையாளம் என்பது முதலில் அதன் பதிவு இலக்கம். பெயரோ, படமோ, இணையக் கணக்கோ பிறகுதான்.

பெயரை நம்பக்கூடாது என்பதற்கு வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி நல்ல உதாரணம். அந்தப் பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். 1938இல் அது மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தபோது அதன் பெயர் புளோரன்ஸ் சி. ரொபின்சன். பெயரை வைத்து அட்டவணை போட்டவர் இரண்டு கப்பல் என்றுதான் எழுதுவார்.

நூதனசாலைகளில் வழக்கமான இலக்க முறை மூன்று பகுதி கொண்டது: பொருள் வந்த ஆண்டு, அந்த ஆண்டில் அது எத்தனையாவது வரவு, அந்த வரவில் எத்தனையாவது பொருள். உதாரணத்துக்கு, 2020.14.3 என்றால் 2020இல் வந்த பதினாலாவது வரவின் மூன்றாவது பொருள். மூடியோடு வந்த செம்பு என்றால் உடலுக்கும் மூடிக்கும் பின்னால் அ, ஆ போடுங்கள். ஒருமுறை கொடுத்த இலக்கத்தை, பொருள் தொலைந்தாலும், இன்னொன்றுக்குக் கொடுக்கக்கூடாது.

இலக்கத்தைப் பொருளில் எழுதுவதற்கும் முறை இருக்கிறது. வெண்கலம், மண்பாண்டம் என்றால் அடிப்பக்கத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில், பரலொயிட் பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். காய்ந்ததும் அதன்மேல் மையால் எழுதி, இன்னொரு பூச்சுப் பூச வேண்டும். பின்னாளில் அசிட்டோனால் துடைத்தால் பொருளுக்குச் சேதமில்லாமல் போய்விடும். துணிக்கு நாடா தைக்கலாம். ஏட்டுச்சுவடியில் எதுவும் எழுத வேண்டாம், பருத்தி நூலில் சீட்டுக் கட்டினால் போதும். ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களைக் கண்டால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

எதற்குக் கணக்கு, எதற்கு வேண்டாம்

எல்லாவற்றுக்கும் திறக்கக்கூடாது. ஐந்தாறு பொருட்களோடு தொடங்குங்கள். நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: ஒரு பொருளைப் பற்றிப் பத்து வெவ்வேறு விஷயம் எழுத முடியவில்லையா, அதற்குக் கணக்கு வேண்டாம், இணையத்தில் ஒரு பக்கம் போதும்.

நாணயங்கள் கொஞ்சம் சிக்கல். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் சேது நாணயங்கள் நாற்பது ஒரு பெட்டியில் இருக்கின்றன என்று வையுங்கள். நந்தி உருவமும் 'சேது' என்ற எழுத்தும் எல்லாவற்றிலும் ஒன்றுதான். நாற்பது கணக்குத் திறந்தால் ஒருவரும் பின்தொடர மாட்டார்கள். சேர்ந்து கிடைத்த புதையலுக்கு ஒரு கணக்கு, நாணயம் ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கமும் தனிப் பக்கமும் என்று வைத்துக்கொள்ளலாம்.

சிலவற்றுக்குத் திறக்கவே கூடாது என்பது என் அபிப்பிராயம். 1980இல் ஆனைக்கோட்டையில் பல்கலைக்கழகக் குழு பெருங்கற்கால ஈமக்குழி ஒன்றை அகழ்ந்தபோது எலும்புக்கூடும், குறியீடுகளோடு பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையும் கிடைத்தன. முத்திரைக்குக் கணக்கு திறக்கலாம், நல்ல கதை அது. எலும்புக்கூட்டுக்குத் திறக்கக்கூடாது. அது ஒருவரின் உடல். வழிபாட்டில் இருக்கும் விக்கிரகத்துக்கும் அப்படியே. கோயில்காரர் சம்மதித்தாலும் நான் தயங்குவேன்.

அனுமதியையும் இப்போதே எழுத்தில் வாங்குங்கள். தொல்பொருட்கள் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்துக்குள் வருகின்றன. அரச நூதனசாலையின் பொருள் என்றால் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் ஓர் அடியும் வைக்க வேண்டாம். இரவலாக வந்த பொருள் என்றால் உரிமையாளரிடம் கேளுங்கள்.

டொமைனும் பொருளின் பக்கமும்

அடுத்தது உங்களுக்கென்று ஒரு டொமைன், அதாவது சொந்த இணைய முகவரிப் பெயர். இதில் கஞ்சத்தனம் பார்க்கக்கூடாது. இலவசமாகக் கிடைக்கிறது என்று பிறருடைய சேர்வரில் கணக்குத் திறந்தால், அந்தச் சேர்வர் மூடும் நாளில் பொருளின் முகவரியும் போய்விடும். தானியங்கிக் கணக்குகளுக்காகவே பல ஆண்டுகள் ஓடிய பொட்ஸின்.ஸ்பேஸ் என்ற மாஸ்டடான் சேர்வர் 2024 டிசம்பரில் மூடப்பட்டது. அங்கே குடியிருந்தவர்கள் எல்லாரும் வேறு இடம் தேடி ஓட வேண்டியதாயிற்று.

.இலங்கை என்ற தமிழ் டொமைன் 2010இலிருந்து இருக்கிறது, வாசலில் எழுதிவைக்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் இந்த வேலைக்கு ஆங்கில எழுத்து டொமைனையே எடுங்கள். மாஸ்டடானில் பயனர்பெயருக்கு ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான் செல்லும். தமிழ்ப் பெயரைக் காட்சிப்பெயராகப் போடலாம், அதற்குத் தடையில்லை. மூக்குப்பேணியை ஆங்கில எழுத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவார்கள் என்பதால், 'பேணி' என்று சுருக்கமாக எழுதி, அடிக்கோடு போட்டு, இலக்கத்தின் கடைசிப் பகுதிகளைச் சேர்த்தால் குழப்பம் வராது.

டொமைன் கிடைத்ததும் பொருள் ஒவ்வொன்றுக்கும் மாறாத ஒரு பக்கம் செய்யுங்கள். பதிவு இலக்கம், தமிழ்ப் பெயர், என்ன பொருளால் செய்தது, அளவு, எப்போது யாரிடமிருந்து வந்தது, படங்கள், படங்களின் உரிமம். கொடுத்தவர் பெயரை வெளியிடச் சம்மதிக்கவில்லை என்றால் ஊரை மட்டும் போடுங்கள். காலம் தெரியாவிட்டால் 'காலம் தெரியவில்லை' என்றே எழுதுங்கள். 'பல நூற்றாண்டுப் பழமை' என்று எழுதுகிற பழக்கம் நம்மிடம் கொஞ்சம் கூடுதல். விக்கித்தரவு என்ற திறந்த தரவுத்தளத்தில் அந்தப் பொருளுக்கு உருப்படி இருந்தால் அந்த இலக்கத்தையும், நூலகம் தளத்தில் அதைப் பற்றிய ஆவணம் இருந்தால் அதன் நூலக எண்ணையும் சேருங்கள். 2005இல் தொடங்கிய அந்த எண்ணிம நூலகத்தில் ஊர் மலர்கள், பழைய சஞ்சிகைகள் நிறைய இருக்கின்றன. ஒரு மாலை உட்கார்ந்து தேடினால் உங்கள் பொருளைப் பற்றி ஏதாவது அகப்படும்.

படத்தை ஏற்றுமுன் அதற்குள் இருக்கும், எடுத்த இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் தகவலை நீக்குங்கள். காட்சியறைப் படம் என்றால் பரவாயில்லை. நாணயப் பெட்டியை யாரோ வீட்டில் வைத்து எடுத்த படமாக இருந்தால்?

கணக்கு திறக்கும் வழிகள்

இனி அமைப்புகளின் பெயர்களைத் தமிழில் சொல்கிறேன், திரையில் அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும்.

சிறு நூதனசாலைக்கு நான் முதலில் சொல்வது வேர்ட்பிரஸ் வழி. ஏற்கெனவே தளம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நிரந்தர இணைப்பு அமைப்பில் 'சாதாரணம்' என்பதை விட்டு 'இடுகைப் பெயர்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். ஆக்டிவிட்டிபப் செருகுநிரலை நிறுவி, எழுத்தாளர்களுக்கும் தளத்துக்கும் தனித்தனி முகவரி இருக்கும்படி வையுங்கள். பிறகு மூக்குப்பேணியை 'எழுத்தாளர்' தரத்தில் ஒரு பயனராகச் சேருங்கள். பேணி எழுத்தாளராகிவிட்டது. தளத்தின் முகவரி நூதனசாலைக்கு, எழுத்தாளர் முகவரி பொருளுக்கு. ஒன்றைக் கவனியுங்கள்: வேர்ட்பிரஸ் பயனர்பெயரை ஒருமுறை வைத்தால் பிறகு அமைப்புத் திரையில் மாற்ற முடியாது. எழுத்துக்கூட்டை இரண்டு பேர் பார்த்த பிறகு சேமியுங்கள். கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும்.

சரி, வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? வேறொரு மாஸ்டடான் கணக்கிலிருந்து பேணியின் முழு முகவரியையும் தேடுங்கள். அந்தச் சேர்வர் வெப்ஃபிங்கர் என்ற முறையில் உங்கள் தளத்திடம் "இப்படி ஒருவர் இருக்கிறாரா" என்று கேட்கும். பதில் கிடைத்தால் பேணியின் முகம் திரையில் வரும். வரவில்லை என்றால் பெரும்பாலும் பாதுகாப்புச் செருகுநிரலோ, பக்கங்களைச் சேமித்துவைக்கும் கேஷோ அந்தக் கேள்வியை வாசலிலேயே மறித்திருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

இன்னொன்று, புதியவர்கள் இதில் தடுமாறுவார்கள்: ஒருவர் பின்தொடரத் தொடங்குமுன் போட்ட இடுகைகள் அவருடைய சேர்வருக்குப் போயிருக்காது. அதனால் முதல் இடுகைக்கு முன்பே நூதனசாலையின் ஆட்கள் நாலைந்து பேர் வெவ்வேறு சேர்வர்களிலிருந்து பேணியைப் பின்தொடரட்டும்.

தொழில்நுட்பம் தெரிந்த பெடியன் பெட்டை யாராவது உதவிக்கு இருந்தால் ஆக்டிவிட்டிபப் பேசும் கோட்டுசோஷல் (GoToSocial) என்ற மென்பொருளைச் சொந்தச் சேர்வரில் ஓட்டலாம். ஒரு ஜிபி ராம் உள்ள சிறிய வாடகைச் சேர்வரே தாங்கும். எழுதுவதற்குத் தனிச் செயலி வேண்டும். எந்த டொமைனில் தொடங்குகிறீர்களோ அதுதான் கடைசிவரை, இடையில் மாற்ற வழியில்லை.

புளூஸ்கையில் கதை வேறு. அங்கே கணக்குக்கு உள்ளே மாறாத அடையாள எண் ஒன்று இருக்கிறது, டிஐடி என்பார்கள். 2022இல் தரமாக்கப்பட்ட ஒரு முறையைத் தழுவியது அது. வெளியே தெரியும் பெயர் ஒரு டொமைன் பெயர்தான். உங்கள் டொமைனில் பேணிக்கு ஒரு துணை டொமைன் வைத்து, டொமைன் எங்கே போகிறது என்று சொல்லும் டிஎன்எஸ் அமைப்பில் அவர்கள் தரும் வரியை டிஎக்ஸ்டி பதிவாகச் சேர்த்தால் அதுவே கணக்கின் பெயராகிவிடும். பார்க்கிறவருக்கும் இது உண்மையிலேயே நூதனசாலையின் கணக்கு என்று உடனே தெரியும். நாளைக்குப் பெயரை மாற்றினாலும் பின்தொடர்பவர்கள் கழன்று போக மாட்டார்கள். அன்னபூரணி இதில் இருந்திருந்தால் குளொஸ்டரிலும் அதே கப்பல்தான்.

எந்த வழியில் போனாலும் கணக்கு ஒவ்வொன்றுக்கும் தனி மின்னஞ்சல் கேட்பார்கள். உங்கள் டொமைனுக்கு வரும் எல்லாக் கடிதமும் ஒரே பெட்டியில் விழும்படி அமைத்தால், பொருளுக்கு ஒரு மின்னஞ்சல் பெயரை நினைத்தபடி கொடுத்துக்கொள்ளலாம்.

அறிமுகக் குறிப்பு

மாஸ்டடானிலேயே கணக்கு திறந்தால் நான்கு விவரக் கட்டங்கள் கிடைக்கும். பதிவு இலக்கம், இருக்கும் இடம், பொருளின் பக்கம், எழுதுபவர்கள் என்று நிரப்புங்கள். பொருளின் பக்கத்தில் 'ரெல் மீ' (rel="me") என்ற குறியோடு கணக்குக்குத் திரும்பும் இணைப்பு ஒன்று போட்டால் அந்தக் கட்டம் பச்சையாகி, உறுதிசெய்யப்பட்டது என்று காட்டும்.

குறிப்பு இப்படி இருக்கலாம்:

"மூக்குப்பேணி. வெண்கலம். பதிவு இலக்கம் 2020.14.3. வலிகாமத்து வீடொன்றிலிருந்து வந்தது, காலம் தெரியவில்லை. எழுதுவது நூதனசாலைப் பணியாளர் இருவர். கேள்வி கேளுங்கள், வெள்ளிக்கிழமைகளில் பதில் வரும்."

யார் பேசுவது?

'நான்' என்று பேணியே பேச வேண்டுமா? பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஒரு பாடசாலைத் திட்டத்துக்கு அது சரி. மற்றபடி படர்க்கையில் எழுதுவதே நல்லது என்று நினைக்கிறேன். 'நான்' என்று தொடங்கினால் நமக்குத் தெரியாததையும் பொருளின் வாயில் போட்டுவிடுவோம், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகச் செல்லம் கொஞ்சும் குரலாகிவிடும்.

மூக்குப்பேணியையே எடுங்கள். மூக்கு எதற்கு? வாய் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்க. சுத்தம் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் யார் எந்தப் பாத்திரத்தில் குடிக்கலாம் என்பது இங்கே சாதி தீர்மானித்த விஷயமும்தான். தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்டவர்களுக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் கொடுத்தார்கள். அதை எதிர்த்து 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தன. பேணி "நான் அழகு, நான் சுத்தம்" என்று கொஞ்சிப் பேசிக்கொண்டிருந்தால் இதை எங்கே சொல்வது? பணியாளர் குரலில் எழுதினால் சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். சிரட்டை ஒன்றும் சேகரிப்பில் இருந்தால் அதற்கும் ஒரு கணக்கு திறங்கள்.

இடுகைகள்

மாஸ்டடானில் வழக்கமான எல்லை 500 எழுத்து, புளூஸ்கையில் 300. தமிழுக்கு நல்ல செய்தி: புளூஸ்கையில் 'கி', 'கு' போன்றவை திரையில் தெரிகிறபடி ஒரே எழுத்தாகவே எண்ணப்படும். ஓர் இடுகையில் ஒரு விஷயம் மட்டும் எழுதுங்கள். கிழமைக்கு ஒன்று போதும்.

உதாரணத்துக்கு ஒன்று: "இந்தப் பேணியின் மூக்கு தனியாக வார்த்துப் பொருத்தப்பட்டது. பொருத்திய கோடு உட்பக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படும். உங்கள் வீட்டுப் பேணியிலும் அப்படியா? தடவிப் பார்த்துச் சொல்லுங்கள்."

படத்துக்கு மாற்றுரை, அதாவது படத்தைச் சொல்லால் விவரிக்கும் குறிப்பு, கட்டாயம். பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பானில் கேட்கும்போது பொருள் அவர் கைக்கு வந்ததுபோல் இருக்க வேண்டும். "பழைய பேணி" என்று எழுதினால் அது மாற்றுரையே இல்லை. "கைப்பிடி இல்லாத வெண்கலக் குவளை. அடி குறுகல், வயிறு உருண்டை, வாய் விரிந்தது. வயிற்றிலிருந்து ஒரு விரல் நீள மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்கிறது. விளிம்பில் சிறு நெளிவு" என்று எழுதுங்கள். மாஸ்டடானில் மாற்றுரைக்கு 1500 எழுத்து இடமிருக்கிறது.

இடுகையின் மொழியைத் தமிழ் என்று குறியிடுங்கள். ஒரே கம்பனியின் தேடுபொறி எல்லாவற்றையும் தோண்டி எடுத்துக் கொடுக்கும் இடம் இதில்லை என்பதால், இரண்டு மூன்று ஹாஷ்டேக் போடாவிட்டால் புதியவர் கண்ணில் படாது.

பொருளுக்குப் பக்கத்தில் கியூஆர் சீட்டு வைப்பதென்றால் அது பொருளின் பக்கத்துக்குப் போகட்டும், சமூக வலைக் கணக்குக்கு வேண்டாம். வலைகள் மாறும். அச்சடித்து லமினேட் பண்ணிய சீட்டை ஒருவரும் மாற்ற மாட்டார்கள்.

பதில் வரத் தொடங்கினால்

ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் ஆட்கள் எழுதுவார்கள். இந்த வேலையின் பயனே அதுதான். ஒருவர் செய்த ஆசாரியின் ஊரைச் சொல்வார், ஒருவர் வீட்டில் அதற்கு வேறு பெயர் சொன்னார்கள் என்பார். நல்ல தகவலைத் திகதியோடு பதிவேட்டில் 'வாய்மொழித் தகவல், உறுதிசெய்யப்படவில்லை' என்று ஏற்றுங்கள். சொன்னவரிடம் அனுமதி கேட்ட பிறகே பெயரை எழுதலாம். வேர்ட்பிரஸ் வழியில் போனால் இந்தப் பதில்கள் இடுகையின் கீழே கருத்துகளாக வந்து நிற்கும், தனியாகத் தேடி அலையத் தேவையில்லை.

எப்போதாவது ஒருவர் "இது எங்கட வீட்டுச் சாமான், இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டு வந்தது" என்று எழுதக்கூடும். யாழ்ப்பாணத்தில் இதை எதிர்பார்த்துத்தான் இருக்க வேண்டும். பொதுவெளியில் வாதாடக்கூடாது. நன்றி சொல்லி, நூதனசாலையின் மின்னஞ்சலைக் கொடுத்து, பொறுப்பாளரிடம் அன்றைக்கே தெரிவியுங்கள். அந்த இடுகையை அழிக்கவும் வேண்டாம்.

பொருள் போய்விட்டால், ஆள் போய்விட்டால்

பொருள் உரிமையாளரிடம் திரும்பினாலோ களவுபோனாலோ கணக்கை அழிக்காதீர்கள். நடந்ததைக் கடைசி இடுகையாக எழுதி மேலே பொருத்திவைத்து நிறுத்துங்கள். மாஸ்டடானில் அழித்த பயனர்பெயரை அதே சேர்வரில் மறுபடி எடுக்கவும் முடியாது. வேறு நூதனசாலைக்குப் போகிறது என்றால், மாஸ்டடானில் பின்தொடர்பவர்களைப் புதிய கணக்குக்கு நகர்த்தலாம், பழைய இடுகைகள் கூட வராது. அவற்றை முன்கூட்டியே தரவிறக்கிப் பதிவேட்டோடு சேர்த்து வையுங்கள். புளூஸ்கையின் ஏடி புரோட்டோகாலில் இடுகைகளையும் கொண்டு இடம்மாறலாம்.

எழுதுகிற பணியாளர் வேலை மாறிப் போவதுதான் இதைவிட அடிக்கடி நடப்பது. கடவுச்சொற்கள், டொமைன் யார் பெயரில் இருக்கிறது, புதுப்பிக்க வேண்டிய திகதி, இரட்டைச் சரிபார்ப்பு எந்தக் கைபேசிக்குப் போகிறது என்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதி, பதிவேடு இருக்கும் அதே இரும்பு அலுமாரியில் பூட்டிவையுங்கள். திறப்பு இரண்டு பேரிடம் இருக்கட்டும். டொமைன் புதுப்பிக்கும் திகதியைச் சுவர்க் கலண்டரிலும் சிவப்பு மையால் வட்டமிட்டு வைக்கலாம்.